முற்றத்து மழையை அளப்பது எப்படி? செட்டிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் முதலாண்டில் 'காலநிலை மாற்றமும் தீர்வுகளும்' என்று ஒரு செய்முறைத் திட்டம் கொடுத்தார்கள். ஒரு சார்ட் பேப்பர் வாங்கினேன். உருகும் பனிமலை, பனிக்கரடி, கீழே கொட்டை எழுத்தில் 'மரம் வளர்ப்போம்'. கொண்டுபோய் நீட்டியதும் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க ஊர் ஊருணியில இப்ப எத்தனை படி தண்ணி நிக்குது?" எனக்குத் தெரியவில்லை. தினமும் இரண்டு வேளை அந்தக் குளக்கரை வழியாகத்தான் சைக்கிள் மிதிக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் ஒரு நோட்டும் ஒரு டேப்புமாகச் சுற்றியதில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், அரிமளம் என எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இதைச் செய்யலாம். பெரிய செலவு கிடையாது. நம் ஊரில் தீர்வுகள் ஏற்கெனவே கல்லும் ஓடுமாகக் கட்டி நிற்கின்றன. அவை இன்றைக்கும் வேலை செய்கின்றனவா, எவ்வளவு செய்கின்றன என்று அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆளாக ஒரு மாணவர் இருக்கலாம்.

முதலில், கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'செட்டிநாட்டில் காலநிலை மாற்றம்' என்று தலைப்பு வைத்தால் கரை சேர மாட்டீர்கள். 'எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூரையில் விழும் மழை எங்கே போகிறது?' என்று வைத்தால் மூன்று மாதத்தில் முடிக்கலாம். நமக்கு முக்கியமான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழை. ஆகவே செப்டம்பரிலேயே தயாராகிவிடுங்கள். நவம்பரில் யோசித்து டிசம்பரில் தொடங்கினால் வெயிலைத்தான் அளக்க வேண்டியிருக்கும்.

இரண்டு சொற்களையும் இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பசுங்குடில் வாயுக்கள் வெளியேறுவதைக் குறைப்பது தணித்தல். வந்துவிட்ட மாற்றத்தோடு வாழ வழி செய்துகொள்வது தகவமைத்தல். ஊருணியைத் தூர்வாரினால் பூமியின் வெப்பம் குறைந்துவிடாது, அது தகவமைத்தல். வீட்டு மின்சாரத்தைக் குறைப்பது தணித்தல். இந்த இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றிக் குழப்புவதில்தான் பாதிப் பேருடைய அறிக்கை கெட்டுப்போகிறது.

மழைமானி செய்வது

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். உடல் முழுக்க ஒரே அகலமாக, நெளிவு இல்லாமல் இருக்கும் பாட்டிலாகப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே, உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். பாட்டிலின் அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும், அதனால் நேர் உடல் தொடங்கும் கோடு வரை முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தக் கோடுதான் பூஜ்யம். அதிலிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார்.

மொட்டை மாடியில் சுவர் ஓரமாக வைக்க வேண்டாம். பக்கத்துச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். என் முதல் பாட்டிலை ஒரு பூனை தட்டிவிட்டது. அன்றைக்குத்தான் அந்த வருடத்தின் நல்ல மழை! அப்புறம் நான்கு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தினேன்.

அளவெடுப்பது தினமும் காலை 8.30 மணிக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேர மழையைக் கணக்கிடுவதும் அந்த நேரத்துக்குத்தான். நீங்களும் அதையே பிடித்தால் உங்கள் எண்ணை அவர்களுடைய எண்ணோடு ஒப்பிடலாம். மழை இல்லாத நாளிலும் '0' என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் மழை பெய்யவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

வீட்டைக் கேட்பது

இதுதான் கடினமான கட்டம், டேப் பிடிப்பதெல்லாம் அப்புறம்தான். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் வருடத்தில் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள், கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டும் கூடுவார்கள். சாவி வைத்திருப்பவர் ஒருவர், அனுமதி தர வேண்டியவர் இன்னொருவர். "கூரையை அளக்கணும்" என்று போய் நின்றால் வீட்டை விற்கப்போகிறார்களோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். கல்லூரிக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த முற்றத்துல மழைத் தண்ணி எப்படிப் பிடிப்பாங்க ஆச்சி?" என்று தொடங்கிப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

எனக்குப் பதில் சொன்ன ஆச்சி, முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "மொத மழையத் தொடப்படாதுப்பா. ஓட்டுல காக்கா எச்சம், தூசி, எல அம்புட்டும் இருக்கும். ரெண்டு மூணு மழை நல்லா அடிச்சுக் கழுவுனப்பறந்தான் அண்டாவ வைப்போம். வாயில வெள்ளைத் துணியக் கட்டிருவோம்." மழைநீர் சேகரிப்புப் பாடத்தில் முதல் நீரை வெளியேற்றும் குழாய் என்று தனியாக ஒரு படம் போட்டிருப்பார்கள். ஆச்சி சொன்னதும் அதே வேலைதான், குழாய் மட்டும் இல்லை.

கூரையை அளப்பது

முற்றத்தில் நின்று மேலே பாருங்கள். நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சாய்ந்து வரும். இரண்டு சாய்வு சேரும் மூலையில் கூடல்வாய் இருக்கும். அங்கேதான் தண்ணீர் திரண்டு கொட்டும். முற்றத்துத் தரையில் விழுவது ஓரத்துத் தூம்பு வழியாக வெளியேறித் தெருக் கால்வாயில் சேரும், அங்கிருந்து ஊருணிக்குப் போகும். போக வேண்டும் என்பதுதான் கட்டியவர்களின் கணக்கு. இப்போது போகிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்கப்போகிறீர்கள்.

கூரையின் வெளிச்சாய்வில் விழும் மழை முற்றத்துக்கு வராது, தெருப்பக்கமோ சந்துப்பக்கமோ போய்விடும். ஆகவே உள்சாய்வையும் வெளிச்சாய்வையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஏணி போட்டு ஏறி, ஓட்டின் மேலேயே டேப்பைப் படுக்கவைத்துச் சாய்வை அளந்தேன். மழை அதைப் பார்த்து விழுவதில்லை. கூரை தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, அந்தப் பரப்புதான் கணக்கு. 30 பாகை சாய்வுள்ள கூரையைச் சாய்வோடு அளந்தால் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வந்துவிடும். ஏணியே தேவையில்லை. கூரையின் விளிம்பு எங்கே முடிகிறதோ அதற்கு நேர் கீழே, தரையில் நின்று அளந்தால் போதும். பழைய ஓட்டின் மேல் ஏறி இரண்டு ஓட்டை உடைத்து, திட்டும் வாங்கியவன் சொல்கிறேன்.

இனி கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரிதான் மொத்தச் சூத்திரமும். 60 அடிக்கு 40 அடி என்றால் 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஓரிரவில் 50 மி.மீ. பெய்தால் 11,150 லிட்டர். ஓடு கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் சிதறும். அதற்காக 0.8ஆல் பெருக்குவது வழக்கம். அப்படியும் சுமார் 8,900 லிட்டர் நிற்கிறது. 15 லிட்டர் குடத்தில் மொண்டால் ஏறக்குறைய 600 குடம், ஒரே இரவில். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 900 மி.மீ. அளவில் இருக்கிறது. அந்தக் கணக்கில் அதே கூரை வருடத்துக்கு 1,60,000 லிட்டர் தருகிறது. 12,000 லிட்டர் லாரியில் 13 நடைக்கு மேல்.

கணக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், சரிபாருங்கள். மழை பெய்யும்போது ஒரு கூடல்வாய்க்குக் கீழே அண்டாவை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பிடியுங்கள். அதே நேரத்தில் மழைமானி எவ்வளவு ஏறியது என்றும் பாருங்கள். எனக்கு இரண்டும் ஒத்துவரவே இல்லை. காரணம் பாதி அந்தச் சாய்வுக் கணக்கு. மீதி, கூடல்வாய்த் தகரத்தில் இலை அடைத்து, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் இறங்கிச் சுவர் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஆக, வீட்டுக்காரருக்கு என் திட்டத்தால் கிடைத்த முதல் பலன் ஒழுகல் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு எப்போதும் காபி உண்டு.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் தெருவில் அப்போது பதித்த குழாய்கள் எத்தனை இன்னும் தொட்டியில் போய்ச் சேர்கின்றன, எத்தனை பாதியில் உடைந்து தொங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தால் அதுவே தனி அத்தியாயமாகும்.

ஊருணிக்கு நடப்பது

ஊருணியிலிருந்து தொடங்கி, தண்ணீர் வரும் வழியில் மேல்நோக்கி நடங்கள். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே குறுகுகிறது, எந்தப் பாலத்தடியில் பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் கால்வாய் மேலேயே வீட்டு மனைக்கல் நட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். வெயில் நாளில் ஒரு தடவை, மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு தடவை நடக்க வேண்டும். வெயிலில் நன்றாகத் தெரியும் கால்வாய், மழையில் பார்த்தால் எதிர்த்திசையில் ஓடும். யாரோ சாலையை உயர்த்தியிருப்பார்கள்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். ஊருணியின் சர்வே எண் தெரிந்தால் பரப்பை அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ' பதிவேட்டில் எடுக்கலாம். அது ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். பதிவேட்டுப் பரப்பில் கரையும் சேர்ந்திருக்கும் என்பதால் தண்ணீர் நிற்கும் பரப்பு அதைவிடக் குறைவு.

தண்ணீர் மட்டத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். செம்புறாங்கல்லில் கட்டிய படித்துறையே ஒரு ஸ்கேல். தண்ணீர் இல்லாத மாதத்தில் ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள், எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்காது. அப்புறம் ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் போய், எத்தனையாவது படியில் தண்ணீர் என்று குறித்தால் போதும்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அந்த அளவு நீர்ப்பரப்பில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 40,000 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். எங்கே போயிற்று? கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போகும், கொஞ்சம் மக்கள் எடுப்பார்கள். இதைத் தோராயமாகப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு வாய் வைக்காமல் கம்பி வலை போட்டு, கரைக்குப் பக்கத்தில் வெயிலில் வையுங்கள். மழையில்லாத நாட்களில் அதில் தினமும் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று பாருங்கள். பாத்திரம் சீக்கிரம் சூடாவதால் ஊருணியைவிடக் கூடுதலாக ஆவியாகும். அதனால் 0.7ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கியதில் அதைக் கழித்தால் மீதி கசிவும் பயன்பாடும். கசிவு என்றதும் ஏதோ நட்டம் என்று எழுதிவிட வேண்டாம், பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊருணிக்குள் தனியாக இறங்காதீர்கள். வண்டல் கால் வைத்ததும் உள்வாங்கும். ஆழம் பார்க்கக் கயிற்றில் கல் கட்டிப் படியில் நின்றே போட்டுப் பாருங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். குடிநீர் ஊருணி என்றால் செருப்பைக் கரைக்கு வெளியே கழற்றிவிடுங்கள். நீங்கள் எவ்வளவு பெரிய ஆய்வாளராக இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காகவே விரட்டிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

பெரியவர்களிடம் கேட்பது

"அப்பல்லாம் நல்ல மழையா ஐயா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. "உங்க கல்யாணத்தப்ப ஊருணியில எந்தப் படி வரைக்கும் தண்ணி நின்னுச்சு?", "கலுங்கு கடைசியா எப்ப பாஞ்சுச்சு?" என்று கேளுங்கள். கலுங்கு என்பது நிரம்பி மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழி. படியைக் கையால் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கல்யாண வருடத்தை வைத்து மழைப் பதிவைத் தேடலாம். மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் மழை அட்டவணை இருக்கும்.

இங்கே ஒரு கட்டுப்பாடும் வேண்டும். ஒரு பருவத்தில் மழை குறைந்ததைப் பார்த்து 'காலநிலை மாறிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். அது வானிலை. காலநிலை என்று பேசக் குறைந்தது 30 ஆண்டுச் சராசரியை எடுப்பார்கள். உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1 டிகிரிக்கு மேல் கூடிவிட்டது, அது தெளிவு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது, அதுவும் தெளிவு. உங்கள் நோட்டு இதை நிரூபிக்காது. கொட்டித் தீர்க்கும் மழை வந்தால் உங்கள் ஊர்க் கால்வாய் அதைத் தாங்குமா என்பதை மட்டும் அது சொல்லும்.

வெப்பத்தை அளப்பது, கரண்ட் பில்லைப் பார்ப்பது

ஒரே மாதிரி வெப்பமானி மூன்று வாங்குங்கள். முதல் நாள் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒன்று பழைய வீட்டின் வளவில், ஒன்று கான்கிரீட் அறையில், ஒன்று வெளியே நிழலில். சுவரைத் தொடாமல் இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டு, காலை 6, மதியம் 3, இரவு 9 மணிக்குக் குறியுங்கள். இரவு 9 மணிக் கணக்குதான் முக்கியம். பகல் முழுக்கத் தளத்தில் ஏறிய சூடு அப்போதுதான் கான்கிரீட் அறைக்குள் இறங்கும்.

பழைய வீடு எப்போதும் குளிர்ச்சி என்று முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். பூட்டியே கிடக்கும் பக்கத்து அறைகளில் காற்றோட்டம் இல்லாமல் புழுங்கும். கனமான சுவர் பகல் சூட்டைத் தாமதப்படுத்தும், இரவில் கதவு சன்னலைத் திறந்துவிட்டால்தான் அந்த உபாயம் பலிக்கும். அப்புறம், இந்த வீடுகளைப் 'பசுமை வீடு' என்று பாராட்டும் முன் தூணைத் தட்டிப் பாருங்கள், அது பர்மாத் தேக்கு. கடல் தாண்டிக் காட்டை வெட்டிக் கொண்டுவந்தது. தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். சூளையில் சுடாமல் கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதால் விறகு மிச்சம், ஆனால் அதில் சிமெண்ட் இருக்கிறது. உலகக் கார்பன் டைஆக்சைடு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது.

மின்சாரத்துக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் மீட்டர் கணக்கு போதும். நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண மின்விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறி 30 வாட். தினம் 10 மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடினால் ஒரு விசிறிக்கு 135 யூனிட் மிச்சம், ஏறக்குறைய 95 கிலோ கார்பன் டைஆக்சைடு. இதுதான் உங்கள் திட்டத்தின் தணித்தல் பகுதி. ஒரு பக்கம் எழுதினால் போதும்.

எழுதியதை எங்கே கொண்டுபோவது

மதிப்பெண்ணுக்குக் கல்லூரியில் ஒரு பிரதி. இன்னொன்றை ஒரே பக்கமாகச் சுருக்கிக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கூட்ட நாட்கள். மார்ச் 22 உலக நீர் தினம், மழைக் கணக்கை முடித்து எழுதவும் அதற்குள் நேரம் கிடைக்கும். காரைக்குடி போன்ற நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் போக வேண்டும்.

அந்த ஒரு பக்கத் தாளில் மூன்றே விஷயம் இருக்கட்டும்: வரத்துக்கால் அடைத்திருக்கும் இடங்கள் குறித்த வரைபடம், படிக்கணக்கு, கேட்கும் ஒரே ஒரு வேலை. நான் முதல் தடவை பதினான்கு கோரிக்கை எழுதிக் கொண்டுபோனேன், படித்தவர் நான்காவதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அடுத்த தடவை 'இந்தப் பாலத்தடியை மழைக்கு முன் சுத்தம் செய்து தர வேண்டும்' என்று ஒன்றை மட்டும் எழுதினேன். தீர்மானத்தில் ஏறியது.

தலைப்பை மாற்ற நினைப்பவர்களுக்கும் விஷயம் இருக்கிறது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் எவ்வளவு பரப்பைப் பிடித்திருக்கிறது, அதை வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்களுக்கு வேறு வருமானம் என்ன என்று பார்க்கலாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை ஊர் எப்படிக் காப்பாற்றுகிறது என்று கேட்டு எழுதலாம்.

டிசம்பர் மழை நின்றதும் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஏதாவது ஒரு சாயங்காலம் இடியோடு ஒரு கோடை மழை இறங்கும். அன்றைக்கு ஓட்டில் ஐந்து மாதத் தூசி இருக்கும், அந்தத் தண்ணீரைப் பிடிக்க வேண்டாம், அளந்து எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். பாட்டிலில் பூஜ்யக் கோடு வரை மறுபடி தண்ணீர் ஊற்றி வைக்க மறக்காதீர்கள், வெயிலில் அதுவும் ஆவியாகியிருக்கும்.